500 யூனிட்டைத் தாண்டுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் மின் நிறுவனத்தையே மாற்றிக் கட்டணத்தைக் குறைத்ததாகச் சொல்லும்போது, பாம்பனிலும் கீழக்கரையிலும் உள்ள நம் வீடுகளுக்கு அந்த வசதி இல்லையே என்று தோன்றலாம். இங்கே வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவது அரசின் மின் பகிர்மானக் கழகம் மட்டுமே என்பதால், நாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை கட்டண அடுக்குகள்தாம்.

2022 செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதங்களில் 500 யூனிட் பயன்படுத்தினால் 1,725 ரூபாய்; 501 ஆனால் 1,958 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு உரிய சலுகை விலை போய்விடுவதால், அந்த ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது. 2024-இல் விலைகள் சற்று மாறியபோதும் இந்தத் தாவல் நீடித்தது.

எனவே கணக்கெடுத்த நாளில் அட்டையில் எழுதிய எண்ணைக் குறித்துவைத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மீட்டர் காட்டும் எண்ணிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். நாற்பதாம் நாளிலேயே 350-ஐ நெருங்கிவிட்டால், ஏசியையும் தண்ணீர் மோட்டாரையும் அன்றிலிருந்தே குறைத்துவிடுங்கள். உப்புக்காற்றில் மீட்டர் பெட்டியின் கண்ணாடி மங்கிவிடும். ஈரத்துணி வேண்டாம், உலர்ந்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.