முதியவரின் தண்டுவடக் கட்டி: இளம் மருத்துவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

நரம்பியல் பயிற்சிக்கு வருகிறவர்கள் வருடாவருடம் இதே தவறுகளைச் செய்கிறார்கள். நாங்கள் படித்தபோதும் இவைதான் நடந்தன.

இடுப்பை மட்டும் ஸ்கேன் எடுப்பது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். எழுபதைத் தொட்ட அம்மா ஒருவர், நடை தள்ளாடுகிறது என்று வந்தார். கையில் இடுப்பு எம்.ஆர்.ஐ. கீழ் முதுகில் டிஸ்க் பிதுக்கம் என்று ரிப்போர்ட். அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதை நம்பி பெல்ட், மாத்திரை, பிசியோதெரபி என்று மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள்.

படுக்கவைத்துப் பார்த்தேன். கால்கள் விறைத்திருந்தன. முழங்காலில் சுத்தியல் பட்டதும் கால் துள்ளியது. உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே போனது. தண்டுவடம், இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள்தான். அங்கே அமுங்கினால் கால் துவளும், ரிஃப்ளெக்ஸ் (சுத்தியல் பட்டதும் வரும் துள்ளல்) குறையும். விறைக்கிறது என்றால் கோளாறு மேலே இருக்கிறது. மார்புப் பகுதியை ஸ்கேன் எடுத்தோம். தண்டுவடத்துக்கு உள்ளேயே கட்டி. அறுவைக்குப் பின் திசுப் பரிசோதனை எபெண்டிமோமா என்றது; தண்டுவடத்தின் நடுக்குழாயை ஒட்டிய செல்களில் தோன்றும் கட்டி அது.

கட்டி முழுதாக வெளியே வந்துவிட்டது, நடை முழுதாகத் திரும்பவில்லை. இந்த அறுவையில் பெரும்பாலும், முன்னால் எவ்வளவு நடக்க முடிந்ததோ அவ்வளவுதான் பின்னாலும். அந்த மாதங்கள் வீணாகாமல் இருந்திருக்க வேண்டும். ஸ்கேன் சீட்டில் 'இடுப்பு வலி' என்று மட்டும் எழுதாதீர்கள். 'கால் விறைப்பு, முழு முதுகும் வேண்டும்' என்று எழுதுங்கள்.

செருப்பைப் பற்றிக் கேட்காதது

செருப்பு கழல்கிறதா? கழன்றது தெரிகிறதா? தெரியாமலே கழன்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாட்டம், வயிற்றைச் சுற்றி இறுக்கம், சிறுநீர்ச் சிக்கல் எல்லாம் கேளுங்கள். "வயசாச்சுல்ல" என்று வீட்டார் சொல்வதோடு நிறுத்தாதீர்கள்.

தொப்புளோடு நிற்பது

தொப்புள் மட்டத்தில் உணர்ச்சி குறைந்தாலும் கட்டி வெகு மேலே இருக்கலாம். ஸ்கேனை அந்த மட்டத்தோடு நிறுத்தாதீர்கள்.

கான்ட்ராஸ்ட் போடாதது

கான்ட்ராஸ்ட் என்பது ஸ்கேனில் கட்டியைத் தெளிவாகக் காட்ட ஊசியில் ஏற்றும் மருந்து. சிறுநீரகம் இடம் கொடுத்தால் போடுங்கள்.

வீங்கிய தண்டுவடமெல்லாம் கட்டி என்பது

நடுவயது தாண்டிய ஆண்களில் டியூரல் ஃபிஸ்டுலாவும் (தண்டுவட உறையில் தமனியும் சிரையும் தவறாக இணைந்துவிடுவது) இப்படி ஏமாற்றும். ஸ்கேனில் தண்டுவடத்தின் பின்புறம் நெளிநெளியாகக் கருப்பு நாளங்கள் தெரிந்தால் ஆஞ்சியோகிராம் எடுங்கள், பயாப்ஸிக்கு ஓடாதீர்கள். இதில் ஸ்டீராய்டு கொடுத்தால் கால் இன்னும் மோசமாகலாம். லிம்ஃபோமா (நிணநீர்ச் செல்களின் புற்றுநோய்) சந்தேகத்திலும், அவசரம் இல்லையென்றால், திசு எடுத்த அப்புறம்தான் ஸ்டீராய்டு.