க்வெவ்ரியில் ஒயின் போடுவது எப்படி: ககேதியில் ஒரு வீட்டு வழி

திபிலிசியில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் யாராவது இந்த வருஷம் கிழக்கு ஜார்ஜியாவின் ககேதிப் பக்கம் ரத்வேலிக்கு, அதாவது திராட்சை அறுவடைக்கு, ஒரு வீட்டில் கைகொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். தெலாவியை ஒட்டிய கிராமத்தில், அறுவடைக் காலத்தில் நான் வேலை செய்யும் குடும்பத்தின் முறை இது. தாத்தா, மகன், பேத்தி மூவரும் ஒரே மரானியில் நிற்பார்கள். மரானிதான் ஒயின் அறை. முட்டை வடிவ மண்சாடிகளைக் கழுத்துவரை புதைத்திருப்பார்கள்; வாய் மட்டும் தரையில் தெரியும். அந்தச் சாடிதான் க்வெவ்ரி. சோவியத் காலத்தில் தோட்டத்துப் பழமெல்லாம் அரசாங்க ஆலைக்குப் போனபோதும், வீட்டுக்கென்று ஒரு சாடியைத் தாத்தா விடாமல் நிரப்பினார். இப்போது ஒயின் விஷயத்தில் கடைசி வார்த்தை பேத்தியுடையது.

பேத்தி சொல்வது இவ்வளவுதான்: சாடி சுத்தமாக இருக்க வேண்டும், பழம் முற்றியிருக்க வேண்டும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் மரானியிலும் இருக்கிற ஈஸ்டே போதும். அதனால்தான் கழுவும் வேலைக்கு அந்த வீட்டில் அத்தனை மரியாதை.

செர்ரி மரப்பட்டைகளை அடுக்கி நீளக் கம்பின் முனையில் கட்டிய தேய்ப்பான் ஒன்று தருவார்கள். அடியிலிருந்து மேலே சுவரைத் தேயுங்கள். உள்ளே தேன்மெழுகு பூசியிருக்கும். மண்ணின் நுண்துளைகளை அடைப்பதற்கான மெல்லிய பூச்சு அது, சுரண்டிவிடாதீர்கள். சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு ஒரு தடவை, அப்புறம் வெறும் தண்ணீர் விட்டுப் பல தடவை. அழுக்குத் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே எடுக்க வேண்டும், முதுகு வலிக்கத்தான் செய்யும். கடைசியாக மொண்ட தண்ணீரைத் தாத்தா ஒரு தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பார்ப்பார், ஒரு வாய் குடித்தும் பார்ப்பார். வாடை இருந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டியதுதான். தேறிய சாடிக்குள் கந்தகத் திரி கொளுத்திக் காட்டுவார்கள்.

யார் சொன்னாலும் சாடிக்குள் தனியாக இறங்காதீர்கள். நொதிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கிவிடும். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அது அணைந்தால் ஆபத்து என்பது நிச்சயம். ஆனால் எரிகிறது என்பதால் மட்டும் உள்ளே இறங்கலாம் என்று நினைக்கக் கூடாது. மின்விசிறி வைத்துக் காற்றை மாற்றுங்கள், மேலே ஒருவர் நிற்கட்டும்.

பழம் பெரும்பாலும் ரகட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சை. பேத்தி கருவியில் சர்க்கரை அளவு பார்ப்பாள், தாத்தா கொட்டையைக் கடித்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பறிப்பு. கொட்டையும் காம்பும் பச்சையாக இல்லாமல் பழுப்பேறியிருக்க வேண்டும். ககேதி முறையில் சாறோடு தோல், கொட்டை, காம்பு எல்லாமே சாடிக்குள் போவதால் இது முக்கியம். பச்சைக் காம்பு போனால் ஒயினில் அந்தப் பச்சை வாடை நிற்கும். மேற்கே இமெரேதியில் தோலைக் கொஞ்சம்தான் சேர்ப்பார்கள், அந்த ஒயின் இலகுவாக இருக்கும். எனக்கு ககேதியின் கனம்தான் பிடிக்கும்.

பழத்தை மரத்தொட்டியில் மிதித்து, சாறும் சக்கையும் சேர்த்துச் சாடியில் விடுங்கள். விளிம்புவரை நிரப்பக் கூடாது, பொங்கி வழிந்துவிடும். ஓரிரு நாளில் நொதிப்பு கிளம்பிச் சக்கை மேலே வந்து மிதக்கும். உங்களுக்குக் கிடைக்கப்போகும் முக்கியமான வேலை இதுதான்: ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, இரவிலும் எழுந்து, அந்தச் சக்கையை உள்ளே அமுக்கி நனைக்க வேண்டும். விட்டால் மேல்பக்கம் காய்ந்து வினிகர் வாடை பிடிக்கும். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வாருங்கள். அமுக்கினால் போதும், கடைய வேண்டாம். சத்தத்தையும் கவனியுங்கள். முதலில் சளசளவென்று இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கி, சக்கை தானாக அடிக்கு இறங்கத் தொடங்கும்.

அப்போது பக்கத்துச் சாடி ஒயினை ஊற்றி விளிம்புவரை நிரப்பி, கல்மூடி வைத்து, ஓரத்தை ஈரக்களிமண்ணால் பூசி அடைப்பார்கள். காற்றுக்கு இடமே விடக் கூடாது. குளிர்காலம் முழுக்க அந்தக் களிமண் காய்ந்து வெடிக்காமல் நனைத்துக்கொண்டிருப்பது மகனின் பொறுப்பு. நிலத்தடியில் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காது. கூம்பிய அடியில் முதலில் கொட்டைகள் தங்க, அவற்றின்மேல் மண்டி படிந்து மூடிவிடுகிறது. அதனால் கசப்பு ஒயினில் அளவுக்கு மீறி இறங்குவதில்லை என்பது அந்த வீட்டார் சொல்லும் விளக்கம். சாடியின் வடிவத்தைப் பார்த்தால் எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

ஜார்ஜியாவின் இந்த க்வெவ்ரி முறையைத்தான் 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தெற்கே க்வெமோ கார்ட்லியில் தோண்டியெடுத்த மண்கலச் சில்லுகளில் சுமார் 8,000 ஆண்டுப் பழைய ஒயின் தடயம் இருப்பதாக 2017-இல் ஆய்வு வெளியானது. வீட்டில் இதையெல்லாம் அதிகம் பேச மாட்டார்கள்.

மார்ச், ஏப்ரலில் திறப்பார்கள். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் மெதுவாக உறிஞ்சி, கழுவிய வேறு சாடிக்கு மாற்றுங்கள். குழாயைச் சக்கைக்குள் விட்டால் கலங்கிவிடும். நிறம் பால் விடாத டீ மாதிரி இருக்கும், வெள்ளைத் திராட்சைக்கு அதுதான் சரியான நிறம். நாக்கில் துவர்ப்பு பிடிக்கும். மிஞ்சிய சக்கையைக் காய்ச்சிச் சாச்சா என்ற சாராயம் இறக்குவார்கள்.

குடிக்கத் தந்தால் ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று கேட்காதீர்கள், குளிரில் துவர்ப்புதான் தூக்கலாகத் தெரியும். மரானியின் குளிர்ச்சி போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். உப்புப் பாலாடைக்கட்டி, வால்நட் அரைத்துப் பூசிய கத்திரிக்காய், சுட்ட இறைச்சி, இவற்றில் ஏதாவது ஒன்றோடு குடியுங்கள்.