ராமேஸ்வரம் பக்கம் மாணவர்களை அழைத்து வருகிறீர்களா? இந்தத் தவறுகளை நான் செய்து முடித்துவிட்டேன்

போன மாதம் ஒரு இளம் பேராசிரியர், மாணவர்களை ராமநாதபுரம் கடற்கரைக்கு இரண்டு நாள் அழைத்து வரப்போவதாகச் சொல்லி நிகழ்ச்சி நிரலை நீட்டினார். ‘சனி காலை 10 மணி: கடல்பாசி எடுக்கும் பெண்களுடன் கலந்துரையாடல்.’ எனக்குப் பகீரென்றது. ஏழெட்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. தொப்பி, தண்ணீர், வாந்தி மாத்திரையெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுகிறேன்.

கடலின் நாளைப் பார்க்காமல் நம் நாளைக் குறிப்பது

மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுக்கும் பெண்களுக்குக் கிழமைக் கணக்கு கிடையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில்தான் வேலை. மாதத்தில் ஏறக்குறைய 12 நாள். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பறிப்பார்கள். அந்த நாள் தவறினால் காசும் தவறியது.

நான் சனிக்கிழமையை மட்டும் பார்த்தேன். அது பௌர்ணமிக்கு மறுநாள். 46 மாணவர்களோடு பஸ் போய் நின்றபோது தெருவில் ஆடுகளும் நாலைந்து பாட்டிமாரும்தான். எனக்குக் கொடுத்த வார்த்தைக்காக மூன்று பெண்கள் கடலுக்குப் போகாமல் காத்திருந்தார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டோம். அப்புறம் ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு குரூப் போட்டோ. ஓர் அக்கா பொன்னாடையை மடித்துக்கொண்டே, “இன்னைக்குப் போயிருந்தா பிள்ளைக்கு பீஸ் கட்டியிருப்பேன் சார்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நீர் அவ்வளவாக வற்றாத அஷ்டமி, நவமியை ஒட்டி வரும் சனி, ஞாயிறைப் பாருங்கள். தினசரி காலண்டரிலேயே திதி போட்டிருக்கும். அதற்கும் முன்னால் அந்தப் பெண்களிடம் கேளுங்கள். வேலை நாளில்தான் முடியும் என்றால் அன்றைய வருமானத்தைக் கையில் கொடுங்கள்; பொன்னாடைக் காசை அதில் சேர்த்துவிடலாம்.

சனி இரவு பதினொன்று வரை கலை நிகழ்ச்சி

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகச் சனிக்கிழமை போய் ஞாயிறு விடியலில் திரும்பும். மீன் இறங்குவதையும் ஏலத்தையும் பார்க்க அதுதான் நேரம். ஆடிவிட்டுத் தூங்கி எட்டரைக்குப் போனால் ஐஸ் பெட்டிதான் மிச்சம். ஒன்பதுக்கு மைக்கை அணைத்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகே போகாது.

அம்பா பாட்டை மேடையில் கேட்பது

கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது எழும் பாட்டு அது. கையில் கயிறு இல்லாமல் மைக் முன்னால் நிறுத்தினால் பெரியவர்கள் இரண்டு வரியில் முடித்துக்கொள்வார்கள். வலை இழுக்கும் இடத்துக்குப் போங்கள், மாணவர்களும் கயிற்றைப் பிடிக்கட்டும்.

பவளத்துண்டு, கடல்குதிரை

எடுத்து வருவது சட்டப்படி குற்றம். செத்ததாக இருந்தாலும்.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் குளியல்

வேண்டாம்.

அரண்மனையைக் கடைசிக்குத் தள்ளுவது

ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தை எல்லாரும் ஞாயிறு மாலை, ஊர் திரும்பும் வழியில் வைக்கிறார்கள். பிள்ளைகள் அசந்து கிடப்பார்கள், காவலரும் கதவைச் சாத்தத் தயாராக இருப்பார். ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போரைச் சுவரில் வரிசை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். சனி காலை முதல் வேலையாக அங்கே போங்கள், வெளிச்சமும் நன்றாக இருக்கும்.