புதுக் கால்பந்து கோச்சுக்குப் பசங்களைச் சேர்க்கத் தெரிகிறதா?

மதுரையில் ஒரு காலேஜுக்குப் புதுக் கால்பந்து கோச் வந்தால், முதல் வருடக் கோப்பையை வைத்து அவரை எடைபோடாதீர்கள். அந்த டீம் முந்தைய கோச் சேர்த்தது. ஜூனில் வேலைக்கு வந்தவருக்கு அந்த வருட அட்மிஷனும் எட்டாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நல்ல பசங்க வேறெங்காவது சீட் வாங்கியிருப்பார்கள். அவர் கணக்கு அடுத்த மே மாதம்தான் தொடங்குகிறது.

இளங்கலை 3 வருடம். 21 பேர் டீம் என்றால் வருடத்துக்கு 7 பேர் போவார்கள். போனவர்கள் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று எழுதி, எதிரே வந்தவர்களை எழுதுங்கள். 2 ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர்) போன இடத்தில் 5 ஃபார்வர்ட் வந்திருந்தால், கோல் அடித்த பேரைக் கேட்டே சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம். நல்ல கோல்கீப்பரும் இடதுகால் ஆட்டக்காரனும் சுலபத்தில் கிடைக்க மாட்டார்கள். அவர்களைத் தேடிக் கொண்டுவந்திருந்தால் மனிதருக்கு வேலை தெரியும்.

செலக்‌ஷன் நடக்கும் காலையில் மைதானத்துக்கே போய்ப் பாருங்கள். 100 மீட்டர் ஓடவிட்டு, கோலுக்கு நாலு ஷாட் அடிக்கச் சொல்லி அனுப்பினால் ஒன்றும் தெரியாது. 11க்கு 11 குறைந்தது 30 நிமிடமாவது ஆடவிட வேண்டும். சின்ன மைதானத்தில் 7க்கு 7 ஆடும் செவன்ஸில் கலக்குகிற பையன் பெரிய மைதானத்தில் காணாமல் போவது வழக்கம்; அங்கே பந்து காலில் இல்லாத நேரம்தான் அதிகம். பந்தைப் பறிகொடுத்தவன் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? கோச்சின் கண் அந்த நொடியில் அவன் மேல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மட்டும் ஆள் தேடினால் போதாது. திண்டுக்கல்லிலும், குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலும் கால்பந்து ஊறிப்போனது. அங்குள்ள பி.டி. மாஸ்டர் இருவருக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நீங்க அனுப்புன பையன் எப்படி இருக்கான்னு கோச் உங்களுக்குச் சொன்னாரா சார்?" சொல்கிறவருக்குத்தான் அடுத்த பையனும் வருவான்.

யாரை எல்லாம் கேட்டார், யார் வந்தார்கள் என்ற பட்டியலும் வேண்டும். வேறு காலேஜ் எதுவும் கேட்காத 7 பேரைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. இரண்டு மூன்று காலேஜ் கேட்ட பையன் ஒருவனாவது இங்கே வந்தானா?

ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் பற்றி நிர்வாகம் எழுத்தில் கொடுத்ததைத் தவிர கோச் எதையும் வாக்குக் கொடுக்கக் கூடாது. வாய்வார்த்தையை நம்பி வந்தவன் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனால் திரும்ப மாட்டான். வயதுச் சான்றும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் ஒத்துப்போகிறதா என்பதைச் சேர்க்கும்போதே பார்த்திருக்க வேண்டும். தேதி இடித்தால் போட்டி நேரத்தில் பையனை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

அவர் சேர்த்த 7 பேரில் மூன்றாம் வருடம் 5 பேர் அரியர் இல்லாமல் ஆடினால் நல்ல கோச். 3 பேர்தான் மிச்சம் என்றால், விட்டுப் போன நால்வர் வீட்டிலும் காரணம் கேளுங்கள்.