சாமி வந்ததா, இதயம் நின்றதா? முதல் சில நிமிடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனைச் சுற்றியுள்ள கோயில்களில் தைப்பூசக் காவடி எடுப்பவர்கள், பல நாள் விரதத்திற்குப் பின், தென்னாப்பிரிக்கக் கோடையின் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் சாய்ந்து விழுந்தால், அவருக்குச் சாமி வந்திருக்கிறது என்பதே சுற்றி நிற்பவர்களின் முதல் எண்ணமாக இருக்கும். திருநீறு பூசுவார்கள், மஞ்சள் நீர் தெளிப்பார்கள், விசிறுவார்கள். பெரும்பாலும் அவர்கள் எண்ணியது சரியாகவே இருக்கும். சற்று நேரத்தில் விழுந்தவர் எழுந்துவிடுவார். ஆனால் அவருடைய இதயம் நின்றுபோயிருந்தால், காத்திருக்க அந்தச் சற்று நேரம்கூட இல்லை. நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்துகொண்டே போகிறது.

ஆகவே, அழுத்துவதில் செய்யும் பிழைகளைவிட, நடந்தது இன்னதென்று அறியாமல் நிற்பதே பெரிய பிழை என்று நான் கருதுகிறேன். சாமி வந்தவர் மூச்சு விடுவார், வேகமாகவே விடுவார். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டால் ஏதேனும் ஓர் அசைவு தெரியும். இதயம் நின்றவர் எதற்கும் அசையமாட்டார், இயல்பான மூச்சும் இராது. இங்கே நம்மை ஏமாற்றுபவை இரண்டு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு, கரையில் போட்ட மீனைப் போல, நீண்ட இடைவெளி விட்டு வாய் திறந்து மூடும் ஒரு திணறல் வரும். அது குறட்டை போலவும் கேட்கும். அதைக் கண்டு, “மூச்சு இருக்கிறது” என்று சொல்லி விலகிவிடுகிறோம். அது மூச்சு அன்று. அடுத்தது, மூளைக்கு இரத்தம் நின்ற கணத்தில் கைகால்கள் சில விநாடிகள் வெட்டி இழுப்பது. அதை வலிப்பு என்று எண்ணிச் சாவியையோ இரும்புத் துண்டையோ தேடி ஓடுகிறோம். அந்த இரும்பு வலிப்புக்கே பயன்படாது. மணிக்கட்டைப் பிடித்து நாடி தேடுவதும் வேண்டாம், பழகாத கைக்கு அது எளிதில் பிடிபடாது. பத்து விநாடிகளுக்குள் பார்த்து, அசைவும் இயல்பான மூச்சும் இல்லையென்றால் தொடங்கிவிட வேண்டும்.

தொலைபேசியிலும் ஒரு தவறு நடக்கிறது. எந்தத் தனியார் ஆம்புலன்ஸை அழைப்பது என்று பார்ப்பதற்காக மெடிக்கல் எய்டு என்னும் மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேடிப் பணப்பையைக் குடைபவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அட்டை பிறகு கிடைக்கட்டும். கைப்பேசியிலிருந்து 112 என்றோ, அரசு ஆம்புலன்ஸுக்கு 10177 என்றோ ஒருவர் அழைத்து, ஒலிபெருக்கியில் வைத்து, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, மற்றவர் அழுத்தத் தொடங்கலாம். மின்சார வாயிற்கதவும் கம்பிக்கதவும் நாயும் உள்ள வீடுகளில், ஒருவரை முன்கூட்டியே வாசலுக்கு அனுப்பாததால் மட்டுமே சில நிமிடங்கள் வீணாகும். காரின் பின்னிருக்கையில் கிடத்தி மருத்துவமனைக்குப் பறப்பது அதைவிட மோசம், ஏனெனில் ஓடும் காரில் யாராலும் சரியாக நெஞ்சை அழுத்த இயலாது.

அழுத்தும் முறைக்கு வருவோம். கட்டில் மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். தரையில் கிடத்த வேண்டும், காவடி தோளில் இருந்தால் முதலில் அதை அகற்ற வேண்டும். இதயம் இடப்பக்கம் என்று எண்ணி இடது மார்பில் கை வைப்பவர்கள் பலர். சரியான இடம் நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதி. முழங்கையை மடக்காமல், உடல் எடையைக் கைகளில் இறக்கி, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ விடவேண்டும், ஏனெனில் அப்போதுதான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிறைகிறது. கையை ஊன்றியபடியே இருப்பவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை தளரும், வீம்பு பார்க்காமல் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். விலா எலும்பு முறியும் என்ற அச்சத்தால் மெதுவாகத் தடவிக்கொடுப்பதில் பயனில்லை. முறிந்த விலா ஒட்டிவிடும். பெண் என்பதால் தயங்குவதும் தவறு. பொது இடத்தில் விழும் பெண்களுக்கு இந்த முதலுதவி ஆண்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதப் பிடிக்கவில்லையென்றால், திடீரென விழுந்த பெரியவருக்கு அழுத்துவது மட்டுமே போதும். ஆனால் நீச்சல் குளத்திலிருந்து தூக்கப்பட்டவருக்கும் சிறு குழந்தைக்கும் இது பொருந்தாது. அங்கே மூச்சு நின்றதால் இதயம் நின்றிருக்கிறது, ஆகவே மூச்சும் ஊதியாக வேண்டும்.

மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி அருகில் இருந்தால், டாக்டர் வரட்டும் என்று அதை மூடியே வைக்காதீர்கள். அது குரலில் வழி சொல்லும். தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி தராது. காவடிக்காரருக்கு மட்டும் இரண்டு கவனம்: மஞ்சள் நீரிலும் வியர்வையிலும் நனைந்த மார்பைத் துடைக்க வேண்டும், கருவியிலிருந்து மார்பில் ஒட்டும் ஒட்டுவில்லையை அலகின் மேல் ஒட்டாமல் தள்ளி ஒட்ட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள்’ என்ற அறிவுரையையும் விட்டுவிடலாம். மாரடைப்பு என்பது இதயத்தின் இரத்தக் குழாய் அடைபடுவது. அப்போது நினைவும் துடிப்பும் இருக்கும், இருமிப் பயனில்லை. இதயம் நின்றவருக்கோ இரும நினைவிராது.

செய்திகளைப் படிப்பதிலும் இதே போன்ற ஒரு பிழை உண்டு. நின்ற இதயத்தை மீண்டும் துடிக்கவைக்க ஆம்புலன்ஸ் குழுவினர் போடும் அட்ரினலின் ஊசியைப் பற்றி 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இதயம் நின்ற 8,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். முப்பது நாள் கழித்து, ஊசி பெற்றவர்களில் 3.2 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 2.4 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். “மூன்றில் ஒரு பங்கு கூடுதல்” என்று தலைப்பிட்டாலும் கணக்குப் பிழையாகாது, ஆனால் ஆயிரம் பேரில் கூடுதலாகப் பிழைத்தவர்கள் எட்டுப் பேர். மேலும் ஊசி பெற்றுப் பிழைத்தவர்களிடையே கடுமையான மூளைப் பாதிப்பு அதிகமாகவே இருந்தது. ஆம்புலன்ஸ் ஊசியோடு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கு அந்த எண்கள் ஆதரவாக இல்லை.

விழுந்தவர் இயல்பாக மூச்சு விடத் தொடங்கினால் பக்கவாட்டில் ஒருக்களித்துக் கிடத்தி, ஒட்டுவில்லைகளைப் பிய்க்காமல், கருவியை அணைக்காமல் கூடவே இருங்கள். விரதம் முடிக்கட்டும் என்று பாலோ தீர்த்தமோ வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் நினைவு திரும்பாதவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கும்.