கையால் செய்யும் பண்டிகைப் பரிசுகள்: மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்

கையால் பரிசு செய்ய ஆசைப்படுகிறவர்களைப் பெரும்பாலும் கவிழ்த்துவிடுவது நாள் கணக்குதான். கைப்பக்குவம் ஒன்றிரண்டு செய்து பார்த்தாலே வந்துவிடும். ஆனால் மெழுகு இறுகவும், மாவு உலரவும், வார்னிஷ் காயவும் எடுக்கும் நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. கடைசி வாரத்தில் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்தால் பாதியில் நிற்கும், இல்லையென்றால் ஈரம் காயாத பொருளைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதனால் இந்தப் பதிவில் காத்திருப்பு அதிகம் வேண்டியதை முதலில் சொல்கிறேன். வாசனை மெழுகுவத்தியைப் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே ஊற்றிவிடுங்கள். மாவு வில்லைகளைப் பத்து நாள் இருக்கும்போது செய்தால் போதும். தைத்த குறிப்பேட்டை முந்தின நாள் மாலைகூடச் செய்யலாம்.

இந்த மூன்றையும் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அலமாரியில் தூசி படியக் கிடக்கும் பரிசில் எனக்கு விருப்பமில்லை. எரிந்து தீரும், எழுதித் தீரும் பொருளைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவருக்குச் சுமை இல்லை. இடம் போதாத வீட்டுக்குக்கூடத் தயங்காமல் எடுத்துப் போகலாம்.

வாசனை மெழுகுவத்தி

தேவையானவை: சோயா மெழுகுச் சில்லுகள், அடியில் உலோகத் தட்டு பொருத்திய பருத்தித் திரி, மெழுகுவத்திக்கென்றே விற்கும் வாசனை எண்ணெய், தடித்த கண்ணாடிக் குவளை, சமையல் வெப்பமானி, கிராம் காட்டும் தராசு. திரி வாங்கும்போது குவளையின் உள்விட்டத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த விட்டத்துக்கு எந்தத் திரி என்பது பொட்டலத்தில் போட்டிருக்கும். திரி மெலிந்தால் நடுவில் குழி பறித்துக்கொண்டே போய் அணையும். தடித்தால் புகை கக்கும். குவளை வாய் குறுகியதாகவோ விரிசல் உள்ளதாகவோ இருக்கக் கூடாது.

எவ்வளவு மெழுகு வேண்டும் என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. குவளையில் எந்த மட்டம் வரை மெழுகு நிற்க வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை எடை போடுங்கள். அந்த எடையை 0.9 ஆல் பெருக்கினால் மெழுகின் எடை ஏறக்குறைய வந்துவிடும். 180 கிராம் தண்ணீர் பிடித்தால் 162 கிராம் மெழுகு. வாசனை எண்ணெய் அதில் 6 சதவீதம், அதாவது சுமார் 10 கிராம். வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று எண்ணெயைக் கூட்டாதீர்கள். மெழுகு ஏற்காத எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும், எரிவதும் சீராக இருக்காது. அளந்தபின் குவளையை ஈரப்பொட்டு இல்லாமல் துடைத்துக் காயவைத்துவிடுங்கள்.

இனி அடுப்படிக்குப் போகலாம்.

1. அகலப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்துச் சூடாக்கி, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்குங்கள். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது.

2. மெழுகு முழுதும் உருகி 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் அடுப்பை அணைத்து, வாசனை எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கிண்டினால் காற்றுக்குமிழ் சேரும்.

3. கலவை ஆறும் நேரத்தில் திரியின் தட்டைக் குவளையின் அடியில் நடுவாக ஒட்டிவிடுங்கள். சூடு தாங்கும் இருபக்க ஒட்டுவில்லை போதும். திரியின் மேல்நுனியைத் துணிக் கிளிப்பில் கவ்வவைத்து, கிளிப்பைக் குவளையின் வாய்மேல் குறுக்கே வையுங்கள். திரி கோணினால் சுடர் ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் சுடும்.

4. வெப்பம் 55 முதல் 60 டிகிரிக்கு இறங்கியதும் குவளையில் மெல்ல ஊற்றுங்கள். மெழுகுப் பொட்டலத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

5. மின்விசிறிக் காற்று படாத இடத்தில் ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். மறுநாள் திரியை 5 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, மூடி போட்டு, இரண்டு வாரம் எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்த இரண்டு வாரத்தில்தான் மெழுகு உள்ளுக்குள் முழுசாக இறுகி, வாசனையும் அதோடு ஒன்றிப்போகிறது. ஊற்றிய மறுநாளே ஏற்றினால் வெளிச்சம் வரும், மணம் அவ்வளவாக வராது.

மேற்பரப்பில் குழி விழுந்திருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள், சமனாகிவிடும். சோயா மெழுகில் சிலசமயம் பனி படர்ந்ததுபோல வெள்ளைத் திட்டு தெரியும். அது மெழுகின் இயல்பு, எரிவதற்கு ஒரு குறையும் வராது. அது கண்ணை உறுத்தினால் நிறம் சேர்க்காமல் வெள்ளையாகவே ஊற்றுங்கள், திட்டு தெரியாது.

ஊற்றும்போது உங்களுக்கென்று ஒன்று கூடுதலாக ஊற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து அதை முதலில் ஏற்றிப் பார்த்துவிட்டு, மற்றவற்றைப் பரிசாகக் கொடுங்கள். நெருப்பு சம்பந்தப்பட்ட பொருளைச் சோதிக்காமல் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். உருக்கும்போதும் அடுப்பை விட்டு நகராதீர்கள். தப்பித்தவறி மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ சீறிப் பரவும். அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தட்டால் மூடுங்கள். மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் ஊற்றி, ஆறியபின் குப்பையில் போடுங்கள்.

மாவு வில்லைகள்

பரிசோடு கட்டித் தொங்கவிடும் பெயர் வில்லைகளுக்கும் வீட்டில் மாட்டும் நட்சத்திரங்களுக்கும் இது ஏற்றது. குழந்தைகளை இந்த வேலையில் உட்கார்த்துங்கள், மெழுகுப் பக்கம் விட வேண்டாம்.

இரண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் தூள் உப்பு. முக்கால் கப் தண்ணீரில் தொடங்கி, தேவைப்பட்டால் கரண்டி கரண்டியாகக் கூட்டுங்கள். கையில் ஒட்டாமல் மழமழவென்று வரும்வரை பத்து நிமிடம் பிசைய வேண்டும். பிசைவதில் சோம்பினால் உலரும்போது வெடிப்பு விழும். 5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, மூடியாலோ அச்சாலோ வெட்டி, உறிஞ்சுகுழலால் ஓட்டை போடுங்கள். ஓட்டை விளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது, பிய்ந்துவிடும்.

ஓவனில் 100 முதல் 110 டிகிரி சூட்டில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு, உலர்த்துங்கள். சூட்டைக் கூட்டினால் உப்பி, பழுப்பேறிவிடும். ஓவன் இல்லையா? கம்பி வலைமேல் பரப்பி, தினம் ஒருமுறை திருப்பிவிட்டு, நாலைந்து நாள் காயவிடுங்கள். காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் கூடவே ஆகும். காய்ந்ததா என்று பார்க்க நடுவில் நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

ஆறியபின் உப்புத்தாளால் ஓரம் தேய்த்து, அக்ரிலிக் வண்ணம் பூசி, அது காய்ந்ததும் வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள். பின்பக்கம், ஓரம், ஓட்டையின் உட்சுவர் எதையும் விட்டுவிடாதீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பூச்சு படாத இடம் வழியாக வில்லை நெகிழத் தொடங்கும். நாய் வளர்க்கும் வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் வாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். இதிலுள்ள உப்பின் அளவு நாய்க்கு ஆபத்தானது.

தைத்த குறிப்பேடு

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பசை இல்லை, அடுப்பு இல்லை. மூன்றே ஓட்டை, ஒரு நூல்.

பத்து ஏ4 தாள், அதே அளவில் ஒரு தடித்த அட்டை, தடித்த பருத்தி அல்லது லினன் நூல் 60 செ.மீ., ஊசி, குத்தூசி, ஸ்கேல், கட்டர். தாளை ஏ5 அளவுக்குப் பாதியாக மடித்தால் 40 பக்கம் கிடைக்கும்.

வெட்டுவதற்கு முன் அட்டையைக் கையில் எடுத்து நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இணங்கி வளையும், மறுபக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கும். காகிதம் தயாராகும்போது இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதால் இப்படி. இணங்கி வளையும் திசையிலேயே முதுகு மடிப்பு வரும்படி அட்டையை வெட்டுங்கள். எதிர்த்திசையில் மடித்தால் முதுகில் வெடிப்பு ஓடி, வண்ணம் உதிர்ந்து, புதுக் குறிப்பேடே பழசுபோல நிற்கும். ஏ4 தாள்களில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால் பாதியாக மடிக்கும்போது எதிர்த்திசையாகத்தான் அமையும். தாள் மெல்லியது என்பதால் அழுத்தி மடித்தால் அடங்கிவிடும்.

அட்டையின் நடுவில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவின் முனையால் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். தாள்களை நாலைந்தாகச் சேர்த்து மடித்து, கரண்டியின் முதுகால் மடிப்பைத் தேயுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, அட்டைக்குள் வைத்து, மேல்விளிம்பைத் தட்டிச் சமன்செய்யுங்கள்.

மடிப்பின் நீளம் 21 செ.மீ. நடுவில் 10.5-இல் ஒரு புள்ளி, இரு முனையிலிருந்தும் 3 செ.மீ. தள்ளி ஒவ்வொரு புள்ளி. ஏட்டைப் பாதி திறந்து பிடித்து, உள்ளிருந்து வெளியே, சரியாக மடிப்புக்கோட்டின் மேலேயே குத்தூசியால் ஓட்டை போடுங்கள். ஓட்டை நூல் நுழையும் அளவுக்கு இருந்தால் போதும்.

தையல் இப்படி:

நடு ஓட்டையில் உள்ளிருந்து ஊசியை வெளியே விடுங்கள். உள்ளே 8 செ.மீ. வால் நிற்கட்டும். வெளிப்பக்கமாக மேல் ஓட்டைக்குப் போய் உள்ளே வாருங்கள். உள்பக்கமாக நடு ஓட்டையைத் தொடாமல் தாண்டி, கீழ் ஓட்டையில் வெளியே விடுங்கள். வெளிப்பக்கமாக நடு ஓட்டைக்குத் திரும்பி உள்ளே வாருங்கள். இந்தக் கடைசி நுழைவில் ஊசி ஏற்கெனவே இருக்கும் நூலைக் குத்திக் கிழித்துவிடாமல் ஒதுங்கிப் போக வேண்டும்.

இப்போது உள்ளே மேலிருந்து கீழாக ஒரு நீளத் தையல் ஓடும். இரண்டு வால்களும் அதன் இரு பக்கத்திலும் ஒவ்வொன்றாக நிற்க வேண்டும். ஒரே பக்கம் வந்திருந்தால் ஒன்றை நீளத் தையலின் அடியில் நுழைத்து மறுபக்கம் கொண்டுவாருங்கள். நூலை இறுக்கும்போது மடிப்பு ஓடும் திசையிலேயே இழுங்கள். உங்களை நோக்கி மேலே இழுத்தால் ஓட்டை கிழியும். பிறகு நீளத் தையலை அணைத்தபடி இடது வாலை வலது மேல் போட்டு ஒரு முடி, வலதை இடது மேல் போட்டு இன்னொரு முடி. இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு வழுக்கும். வாலை 1.5 செ.மீ. விட்டு நறுக்குங்கள்.

ஏட்டை மூடிப் பார்த்தால் நடுத்தாள்கள் அட்டையைத் தாண்டிச் சற்றே துருத்தும். மடிப்பில் தாளின் கனம் சேர்ந்துகொண்டே போவதால் இது எப்போதும் நடப்பதுதான். ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கட்டரால், ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் லேசாகப் பல முறை ஓட்டி அந்த விளிம்பை வெட்டுங்கள். வெட்டியபின் அந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், மழமழவென்று ஒரே சுவராக இருக்கும். சொன்னால் ஒழிய வீட்டில் தைத்தது என்று தெரியாது.

துணியில் கட்டுவது

ஒட்டுநாடாவும் மினுமினுப்புக் காகிதமும் வேண்டாம். கிழித்த மறுநிமிடம் குப்பை. சதுரத் துணியில் கட்டிக் கொடுங்கள், துணியும் பரிசோடு சேரும். ஜப்பானில் ஃபுரோஷிகி என்ற பெயரில் இந்த வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. பொருளின் மிக நீளமான பக்கத்தைப்போல் மூன்று மடங்கு, துணியின் மூலைவிட்டமாக இருக்க வேண்டும். குறிப்பேட்டின் நீளம் 21 செ.மீ. என்பதால் மூலைவிட்டம் 63, அதற்கு 45 செ.மீ. சதுரம் சரியாக வரும்.

துணியை மூலை உங்களைப் பார்க்கும்படி விரித்து, பொருளை நடுவில் வையுங்கள். உங்கள் பக்க மூலையைப் பொருள்மேல் போட்டு அடியில் செருகி, எதிர் மூலையை அதன்மேல் கொண்டுவாருங்கள். மீதி இரண்டு மூலைகளையும் குறிப்பேட்டில் போட்ட அதே முடிச்சால் கட்டி, அதில் மாவு வில்லையைக் கோத்துவிடுங்கள்.

மெழுகுவத்தியோடு மட்டும் ஒரு சின்னச் சீட்டு வைக்க மறக்காதீர்கள்: "முதல்முறை ஏற்றும்போது உருகிய மெழுகு குவளையின் ஓரத்தைத் தொடும்வரை எரியவிடவும். ஒரேயடியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் திரியை 5 மி.மீ. ஆக வெட்டவும். தனியே எரியவிட்டுப் போக வேண்டாம்." எடுத்துப் போகும்போது நிமிர்ந்த வாக்கில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும்.