சர்க்யூட் போர்டைக் கிளவுடில் சேர்ந்து வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பம்புசெட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போர்டு செய்யும் ஒரு சின்னக் குழுவை எடுத்துக்கொள்வோம். ஸ்கீமேட்டிக் (மின்சுற்று வரைபடம்) வரைபவர் திருச்சியில், லேஅவுட் (போர்டில் பாகங்களின் இட அமைப்பு) போடுபவர் தஞ்சாவூரில், ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) எழுதுபவர் கும்பகோணத்தில். மேட்டூர் திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்கு உதவ வேண்டுமென்றால் மே மாதமே போர்டு மோட்டார் ஷெட்டில் ஏறிச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். போர்டு அடித்து, சாலிடர் செய்து, சோதித்துப் பார்க்க ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு வாரம் போய்விடும். கோப்பைப் பகிர்வதில் ஒரு தவறு நடந்தால் அந்தச் சுற்றே வீண், பருவமும் தவறிவிடும். இங்கே போர்டு வடிவமைக்கும் கிகேட் மென்பொருளை வைத்துச் சொல்கிறோம். அடிப்படை மற்றவற்றுக்கும் பொருந்தும்.

முதல் தவறு, புராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவில் போட்டு எல்லோரும் திறப்பது. டிரைவுக்கு அது வெறும் கோப்பு, யார் திறந்து வைத்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. தஞ்சாவூர்க்காரர் ரிலேவை நகர்த்திச் சேமிக்கிறார். அதே நேரம் திருச்சிக்காரர் பழைய பிரதியில் டிராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) இழுத்துச் சேமிக்கிறார். கடைசியாக ஏறியது நிற்கும், இல்லையென்றால் ஒரே பெயரில் இரண்டு பிரதிகள் கிடக்கும். இதில் இருக்கும் டிராக்கையும் அதில் இருக்கும் ரிலேவையும் சேர்த்து ஒரு போர்டாக்க யாராலும் முடியாது. ஒருவர் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கிட் மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறுதான். கிகேட் கோப்புகள் எழுத்துக் கோப்புகள் என்பதால் கிட் அவற்றை வரிவரியாக ஒட்டப் பார்க்கும். ஆனால் அந்த வரிகளுக்கு மின்சுற்றில் என்ன பொருள் என்று அதற்குத் தெரியாது. ஃபுட்பிரின்ட் (பாகத்தைச் சாலிடர் செய்யும் இடங்களின் அமைப்பு) புது இடத்திலும் அதற்கு வந்த டிராக் பழைய இடத்திலுமாக ஒரு போர்டு உருவாகும், கோப்பும் சிக்கலில்லாமல் திறக்கும். காப்பர் ஜோனை (செம்பு நிரப்பும் பரப்பை) ஒருமுறை மறுபடி நிரப்பினாலே ஏராளமான வரிகள் மாறிவிடுவதால், வித்தியாசத்தைக் கண்ணால் படித்துப் பிடிக்கவும் வழியில்லை. அதனால் பிசிபி கோப்பு (லேஅவுட் இருக்கும் கோப்பு) எப்போதும் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். “லேஅவுட் என்னிடம்” என்று குழுவில் சொல்லி எடுங்கள், புஷ் செய்த (பொது இடத்துக்கு ஏற்றிய) பிறகு “விட்டுவிட்டேன்” என்று சொல்லுங்கள். கிட் எல்எஃப்எஸ் என்ற துணைக் கருவியில் கோப்பைப் பூட்டும் வசதியும் உண்டு.

ஸ்கீமேட்டிக்கைப் பிரிக்க முடியும். பவர், ரிலே, ஜிஎஸ்எம், சென்சார் என்று தனித்தனி ஹையரார்கிக்கல் ஷீட்டாகப் (முதன்மை ஷீட்டுக்குள் இணையும் துணை ஷீட்டாகப்) போட்டால் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு, ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அப்போது இருவரும் தனித்தனியே எண்ணிட்டு, இரண்டு ஷீட்டிலும் ஆர்15 என்ற ரெசிஸ்டர் வந்து நிற்கும். அனோடேட் செய்யும் (பாகங்களுக்கு எண்ணிடும்) பெட்டியில் ஷீட் எண்ணை 100-ஆல் பெருக்கித் தொடங்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் முதல் ஷீட்டில் ஆர்101, இரண்டாவதில் ஆர்201 என்று வரும், மோதாது.

எங்கள் பார்வையில் மிக ஆபத்தான தவறு வேறொன்று: பிசிபி கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு, விதிகளை விட்டுவிடுவது. நெட் கிளாஸ்களும் (ஒரே வகை இணைப்புகளுக்கான அளவுகள்) குறைந்தபட்ச இடைவெளிகளும் புராஜெக்ட் கோப்பில் இருக்கின்றன. நாம் தனியாக எழுதும் விதிகள் டிஆர்யூ என்று முடியும் இன்னொரு கோப்பில் இருக்கின்றன. பம்புசெட் போர்டில் ஃபேசுக்கும் ஃபேசுக்கும் 415 வோல்ட் வரும். மெயின்ஸ் பகுதிக்கும் மைக்ரோகன்ட்ரோலர் பகுதிக்கும் குறைந்தது 6 மி.மீ., இடமிருந்தால் 8 மி.மீ. என்று கவனமாக விதி எழுதியிருப்போம். பிசிபி கோப்பு மட்டும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தால், அங்கே இருப்பது இயல்பான 0.2 மி.மீ. மட்டுமே. 2 மி.மீ. தள்ளி டிராக் இழுத்தாலும் டிஆர்சி (விதிச் சோதனை) பிழையில்லை என்றே சொல்லும். மேசையில் அந்தப் போர்டு ஓடும். ஐப்பசி மழையில் ஷெட் சுவரே வியர்க்கும் ஈரத்தில், தூசி படிந்த அந்த 2 மி.மீ. தாங்காது, கசிவு தொடங்கிப் போர்டு கருகும். தொடுபவர் உயிருக்கும் ஆபத்து. எப்போதும் முழு ஃபோல்டராகவே பகிருங்கள். கிட் பதிவு செய்யாமல் விடும் கோப்புகளின் விலக்குப் பட்டியலில் பிஆர்எல் என்று முடியும் கோப்பு, பேக்கப் ஃபோல்டர், லாக் கோப்பு இவை மட்டும் இருக்கட்டும். டிஆர்யூ அதில் நுழைந்துவிடக் கூடாது.

அடுத்தது லைப்ரரி, அதாவது பாகங்களின் வரைபடத் தொகுப்பு. 7805, 78எல்05 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர்களுக்கு வேலை ஒன்றுதான், இரண்டும் 5 வோல்ட் தரும். ஆனால் டிஓ-220 கூட்டில் வரும் 7805-ல் முதல் கால் இன்புட், மூன்றாவது அவுட்புட். டிஓ-92 கூட்டில் வரும் 78எல்05-ல் முதல் கால் அவுட்புட், மூன்றாவது இன்புட். ஒருவர் 7805 சிம்பலை (ஸ்கீமேட்டிக்கில் அதன் குறியீட்டை) நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் பொது லைப்ரரியில் போட்டால், அதை எடுக்கும் அத்தனை போர்டிலும் ரெகுலேட்டர் தலைகீழாக நிற்கும். இஆர்சி (ஸ்கீமேட்டிக் சோதனை) இதைக் காட்டாது, ஏனென்றால் சிம்பலே பொய் சொல்கிறது. லைப்ரரிக்குள் வரும் ஒவ்வொரு பாகத்தையும் இரண்டாமவர் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளரின் விவரத் தாளை) வைத்து ஒவ்வொரு காலாகச் சரிபார்க்க வேண்டும். லைப்ரரியில் திருத்தியதோடு வேலை முடிவதில்லை. கிகேட் 6 முதல் சிம்பலின் பிரதி ஸ்கீமேட்டிக்குள்ளேயே இருக்கிறது. லைப்ரரியிலிருந்து சிம்பல்களைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தால்தான் திருத்தம் பழைய வரைபடத்துக்கு வரும்.

லைப்ரரியின் பாதையை ஒருவர் கணினியின் சி டிரைவ் முகவரியாக எழுதினால் மற்றவருக்கு அது திறக்காது. லைப்ரரியைப் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் வைத்து, கேஐபிஆர்ஜேஎம்ஓடி என்ற மாறியால் குறியுங்கள். எல்லோரிடமும் ஒரே கிகேட் பதிப்பு இருக்க வேண்டும். 8-ல் சேமித்ததை 7 திறக்காது.

பின் (சிப்பின் கால்) மாற்றங்களை வாட்ஸ்அப்பில் பேசி முடிப்பதும் விலை கேட்கும். ரூட்டிங் எளிதாகட்டும் என்று ஃப்ளோட் சுவிட்சை இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரின் ஜிபிஐஓ12 பின்னுக்கு மாற்றுகிறார்கள், அந்தக் கோட்டில் அதை ஹையில் இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறது. அந்தப் பின் பூட் ஆகும் நேரத்தில் ஹையில் இருந்தால் ஃப்ளாஷ் நினைவகத்தின் மின்னழுத்தம் 1.8 வோல்ட்டாகிவிடும், 3.3 வோல்ட் ஃப்ளாஷ் உள்ள வழக்கமான மாட்யூல் பூட்டே ஆகாது. இதை ஒரே பார்வையில் பிடித்திருக்கக்கூடியவர் ஃபர்ம்வேர்க்காரர், அவர் அந்தச் செய்தியைப் பார்த்திருக்கவே மாட்டார். பின் மாற்றம் என்றால் கிட்ஹப் போன்ற தளத்தில் ஒரு இஷ்யூ (விவாதக் குறிப்பு) திறந்து, அவர் ஒப்புதல் தந்த பிறகே செய்யுங்கள்.

பிரவுசரில் மட்டும் ஓடும் கருவியை நம்பியிருந்தால், மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்த நாளில் வேலை நின்றுவிடும். கிட்டில் இணையம் இல்லாமலேயே கமிட் செய்யலாம் (மாற்றத்தைப் பதிவு செய்யலாம்), இணையம் வந்ததும் புஷ் செய்தால் போதும். இணையக் கருவிதான் வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை மூலக் கோப்பை இறக்கி வையுங்கள். போர்டு வடிவமைக்கும் ஈகிள் மென்பொருளுக்கு 2026 ஜூன் 7 கடைசி நாள் என்று அதன் நிறுவனமான ஆட்டோடெஸ்க் 2023-ல் அறிவித்தது. மூலக் கோப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைக் கிகேட்டில் இறக்குமதி செய்துகொள்ள முடிந்தது. மாணவர்கள் இருக்கும் குழு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கிளவுட் கணக்கு கல்லூரி மின்னஞ்சலில் இருந்தால், படிப்பு முடிந்து அந்த முகவரி மூடப்படும்போது டிசைனும் போய்விடும்.

கடைசியாக ஆர்டர் கொடுப்பது. வேலை நடக்கும் ஃபோல்டரிலிருந்து நேராகக் கெர்பர் (போர்டு அடிக்கக் கொடுக்கும் கோப்புகள்) எடுக்காதீர்கள். ஜோன்களை நிரப்ப பி விசையை அழுத்துங்கள், இஆர்சி, டிஆர்சி ஓட்டுங்கள், கமிட் செய்து டேக் (பதிப்புப் பெயர்) போடுங்கள். அந்த டேக்கைப் புதிய ஃபோல்டரில் எடுத்து, அங்கிருந்து கெர்பரும் டிரில் கோப்பும் உருவாக்கி, கிகேட்டோடு வரும் கெர்ப்வியூவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் துளைகள் பேடின் (சாலிடர் செய்யும் செம்புப் பகுதியின்) நடுவில் விழுகின்றனவா என்று பாருங்கள். டேக்கின் பெயரே சிப் கோப்பின் பெயராகவும் போர்டின் சில்க்ஸ்கிரீனில் அச்சாகும் எண்ணாகவும் இருக்கட்டும். திருவாரூர்ப் பக்கம் ஒரு ஷெட்டிலிருந்து “மோட்டார் எடுக்கலை” என்று போன் வந்தால், மெயின் சுவிட்சை அணைத்து மூடியைத் திறந்து அந்த எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கையில் இருப்பது எந்தப் போர்டு என்று அந்த நிமிடமே திரையில் திறந்து பார்த்துவிடலாம்.